மருந்து படிக்கிற பிள்ளை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மருந்து என்றால் முதலில் நினைவுக்கு வருவது முதுகில் மாட்டுகிற பம்புதான். களைக்கு அடிப்பது மருந்து, பூச்சிக்கு அடிப்பது மருந்து, அம்மாவின் வேலையே மருந்து அடிக்கிற வேலை. காலையில் பம்பை மாட்டிக்கொண்டு மலையேறுவார். இறங்கி வந்து சோப்புப் போட்டுக் குளித்த பிறகும் அந்த வாடை தலைமுடியில் கொஞ்சம் மிச்சமிருக்கும். காய்ச்சல் வந்தால் விழுங்குகிற மாத்திரைக்கும் எங்களிடம் அதே பேர்தான். எந்த மருந்தைச் சொல்கிறோம் என்பது பேச்சுப் போக்கிலேயே தெரிந்துவிடும் என்பதால் யாரும் குழம்பியதில்லை. குழம்புவதற்கு என் படிப்பு வரவேண்டியிருந்தது.

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த செய்தி கைப்பேசியில் வந்தது. மலாயில் இருந்தது: கெஜுருத்தெராஆன் கிமியா. கெமிக்கல் எஞ்சினியரிங். அம்மா கைப்பேசியைக் கண்ணுக்குத் தூரமாகப் பிடித்து எழுத்துக்கூட்டினார். முதல் சொல் நீளமாக இருந்ததால் அதை விட்டுவிட்டார். இரண்டாவது சொல் அவருக்கு நன்றாகத் தெரியும். தோட்டத்து மருந்து ஸ்டோர் கதவில், மண்டையோட்டுப் படத்துக்கு மேலே எழுதியிருக்கிற சொல் அது.

“கிமியாவா? அப்ப மருந்து படிக்கப் போறியா?”

“ஆமாம்மா, அந்த மாதிரிதான்” என்றேன். எனக்கு அப்போது தோழிகளுக்குச் செய்தி அனுப்புகிற அவசரம்.

அம்மா நேராக வெளியே போய்ப் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம், “என் மவ மருந்து படிக்கப் போவுது” என்று சொன்னார். பெரியம்மாவுக்கும் எங்களுக்கும் ரத்த சொந்தம் கிடையாது. நடுவில் ஒரு பலகைச் சுவர், அவ்வளவுதான். அந்தச் சுவர் வழியாக அவர் இருமினால் எங்கள் வீட்டில் அம்மா தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார். பெரியம்மா முன்பு கொழுந்து எடுத்தவர், இப்போது நாற்றுப் பண்ணையில் மண் பை நிரப்பிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் இருவரும் சிங்கப்பூரில். சின்ன வயதில் நான் சாப்பிட்ட சோற்றில் பாதி அவர் வீட்டுச் சட்டியில் வெந்தது. திட்டும் பாதி அங்கேதான் வாங்கினேன்.

அன்று சாயங்காலம் பெரியம்மா முந்திரிப்பருப்பு போட்டுக் கேசரி கிண்டி, எங்கள் வரிசை வீடுகளான லயம் முழுக்கக் கொடுத்தார். ஒரு எஞ்சினியருக்கு இவ்வளவு மரியாதையா என்று நான் பூரித்துப்போய் இரண்டு தட்டு சாப்பிட்டேன். அந்தக் கேசரி டாக்டருக்குக் கிண்டியது என்பது எனக்குத் தெரியாது.

நாங்கள் சமவெளிக்குப் போவதைக் கீழே போவது என்போம். கீழே போனதும் முதலில் தாக்கியது வெக்கை. இரண்டாவது, வகுப்பு. முதல் வாரமே விரிவுரையாளர் வெண்பலகையில் ஒரு பெட்டி வரைந்தார். இந்தப் பக்கம் உள்ளே போகிற மாதிரி ஓர் அம்புக்குறி, அந்தப் பக்கம் வெளியே வருகிற மாதிரி ஓர் அம்புக்குறி. உள்ளே வந்ததில் வெளியே போனதைக் கழித்தால் மிச்சம் பெட்டிக்குள் தங்கியது. நாலு வருடமும் இதைத்தான் படிக்கப் போகிறீர்கள் என்றார். இதற்கா இத்தனை மலை இறங்கி வந்தோம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனால் அவர் சொன்னது பொய்யில்லை. பெட்டி கொதிகலன் ஆனது, உலர்த்தி ஆனது, காய்ச்சி வடிக்கிற கோபுரம் ஆனது. அம்புகள் கூடின. கணக்கு ஒரு பக்கத்திலிருந்து ஐந்து பக்கத்துக்கு வளர்ந்தது. கெமிக்கல் எஞ்சினியரிங்கில் கெமிஸ்ட்ரி என்பது குழம்பில் உப்பு மாதிரிதான். மற்றதெல்லாம் குழாய், வால்வு, பம்பு, சூடு ஏறுவது, சூடு இறங்குவது. பம்பைப் பற்றி ஒரு பாடமே இருக்கிறது என்று போனில் சொன்னபோது அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அதப் படிக்கவா யூனிவர்சிட்டி போன? நான் தெனம் தூக்குறேனே, என்னக் கேட்டா சொல்லித் தந்திருப்பேனே.”

“அந்தப் பம்பு இல்லம்மா.”

“எந்தப் பம்பா இருந்தா என்ன, அடைச்சுக்கிட்டா தட்டணும்லா” என்றார்.

முதல் ஆய்வுக்கூட வகுப்பில் வெள்ளைக் கோட்டும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன். பக்கத்தில் கிளந்தானிலிருந்து வந்த என் அறைத்தோழி, பின்னால் கண்ணாடிக் குழாய்கள். நான் செய்த ஒரே காரியம் அதுதான். அம்மா அதைத் தோட்டத்து வாட்சப் குழுவில் போட்டார். பெரியம்மா தானா ராத்தா டவுனில் ஒரு கடையில் கொடுத்துப் பெரிதாகப் பிரதி எடுத்து, என் அறைத்தோழியை வெட்டிவிட்டு, முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அதற்கு மேல் யாருக்கும் சந்தேகம் இருக்க நியாயமில்லை.

முதல் லீவுக்கு வந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மறுநாள் காலை பல் விளக்கிக்கொண்டு வெளியே வந்தால் வாசலில் ஆட்கள். ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு மூச்சு, இன்னொருவர் பேரப்பிள்ளையின் காதைத் திருப்பிக் காட்டினார். வாயில் நுரையோடு நின்று எல்லாவற்றையும் கேட்டேன். பிறகு உள்ளே போய்த் துப்பிவிட்டு வந்தேன். எனக்குக் கோபம் வந்தால் குரல் சன்னமாகாது. எங்கள் லயத்தில் அது எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

“நான் டாக்டருக்குப் படிக்கல! எஞ்சினியருக்குப் படிக்கிறேன்! ஆலையில மெஷின் ஓட்டுற படிப்பு!”

முழங்கால்காரர் சொன்னார், “இப்பதானம்மா மொத வருசம். போகப் போகத்தான டாக்டர் ஆகமுடியும்.” மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டு கலைந்தார்கள். பெரியம்மா மட்டும் தன் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்து அம்மாவைப் பிடித்தேன். “என்னம்மா சொல்லி வெச்சிருக்கீங்க?”

“நான் எங்க டாக்டருன்னு சொன்னேன்? மருந்துன்னுதான் சொன்னேன். மருந்துன்னா மருந்துதான். அவங்களா வேற மருந்துன்னு எடுத்துக்கிட்டா அதுக்கு நானா பொறுப்பு?” அம்மாவும் என்னைப் போலத்தான், குறைத்துப் பேசத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து அவரே சமாதானமாகி, “படிச்சு முடிச்சுட்டு நாத்தம் இல்லாத மருந்தா ஒண்ணு கண்டுபிடி போதும்” என்றார்.

அம்மா உண்மையிலேயே அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார். கடைசிவரை அவர் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு லீவிலும் இதே கூத்து. நானும் மறுத்து மறுத்துக் களைத்துப்போனேன். இரண்டாம் வருடம் வெப்ப இயக்கவியலில் பெயிலானேன். பெரியம்மா அதற்குக் கோயிலில் அர்ச்சனை செய்து திருநீற்றைப் பொட்டலம் கட்டி அப்பாவிடம் கொடுத்தனுப்பினார். “டாக்டருக்கும் காய்ச்சல் வரும்லா, எந்திரிச்சு உக்காந்து படி” என்று போனில் சொன்னார். எழுந்து உட்கார்ந்து படித்தேன். நீராவி அட்டவணையைப் புரட்டிப் புரட்டி அதன் ஓரங்கள் சுருண்டுவிட்டன. எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, அந்த வருடத்தில் ஏதோ ஒரு வாரம், இந்தப் படிப்பு எனக்குப் பிடித்துப்போனது.

பிடித்துப்போனதும் எல்லாரையும் தொல்லை செய்ய ஆரம்பித்தேன். அப்பா தோட்டத்தில் இலை லோரி ஓட்டுகிறார். லீவில் அவரோடு தேயிலை ஆலைக்குப் போவேன். சின்ன வயதில் அந்த ஆலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் சூடான வாசம் மட்டும்தான். இப்போது பார்த்தால் இலையை வாட்டுகிற நீளத் தொட்டி ஒரு பெட்டி, அடியிலிருந்து காற்று ஊதுகிற உலர்த்தி ஒரு பெட்டி. பச்சையாக உள்ளே போன தண்ணீரெல்லாம் கூரை வழியாக எங்கே போகிறது என்று மனக்கணக்கு போட்டுக்கொண்டே நிற்பேன். வீட்டுக்கு வந்தால் அரிசிப் பானையையும் விடுவதில்லை. “சோத்தத் தின்னு, அதுக்கும் கணக்குப் போடாத” என்று அம்மா தட்டைத் தள்ளுவார். இப்போது கடலோரத்தில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறேன். இன்னமும் பானை கொதிக்கிறபோது மூடியைத் தூக்கிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மூன்றாம் வருடப் பரீட்சைகள் முடிந்து வந்த லீவு, பள்ளிக்கூட லீவோடு சேர்ந்துகொண்டது. பஸ்ஸை விட்டு இறங்கி அப்பாவின் காரில் தோட்டத்துக்கு வந்தேன். கார் என்றால் எங்களுக்குக் காடி. வழக்கமாக லயத்து முதல் படியில் பெரியம்மா தேத்தண்ணி பிளாஸ்க்கோடு நிற்பார். அன்று படி காலியாக இருந்தது.

“பெரியம்மா எங்கம்மா?”

“வேலைக்கே போகல. கால் வலிக்குதுங்குது. கிளினிக்குக்கு வா போலாம்னா, நீ வரட்டும்ங்குது. ஒரே பிடிவாதம்” என்றார் அம்மா.

பையைக் கீழே போட்டுவிட்டு அவர் வீட்டுக்குள் போனேன். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை ஸ்டூலில் நீட்டி, மேலே ஒரு கைலியைப் போர்த்தியிருந்தார். சாம்பிராணி போட்டிருந்தார்கள். அதையும் தாண்டி ஒரு வாடை வந்தது. கைலியைத் தூக்கினேன். சுண்டுவிரல் கறுத்திருந்தது. பாதம் சிவந்து வீங்கி, அந்தச் சிவப்பு கணுக்காலைத் தொட்டிருந்தது. அவருக்கு இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி இருப்பது எல்லாருக்கும் தெரியும். இனிப்பு டின் பால் ஊற்றிய தேத்தண்ணியை அவர் விடவில்லை என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

“என்னாச்சு இது?”

“நாத்துப் பை தூக்குறப்ப என்னமோ குத்துச்சு. சின்னதுதான் லா.”

“யார்கிட்டயும் காட்டலயா?”

“அதான் நீ வந்துட்டியே. பாத்துச் சொல்லு, என்ன மருந்து போடலாம்?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. “பெரியம்மா! நான் டாக்டர் இல்ல! எத்தன வருசமா தொண்டை கிழியக் கத்துறேன்? நான் பம்பப் பத்திப் படிக்கிறேன், குழாயப் பத்திப் படிக்கிறேன். உங்க கால் பம்பு இல்ல!”

லயமே வாசலுக்கு வந்துவிட்டது. பெரியம்மா மட்டும் அசையாமல், “கத்தாத, தலை வலிக்குது” என்றார். நெற்றியைத் தொட்டேன். அனலாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் வாசல்படியில் அம்மா. முகத்தில் ரத்தமே இல்லை. “நான் சொன்ன ஒத்த வார்த்தையாலயா இப்படி?” என்று மட்டும் கேட்டார். அம்மா சத்தம் குறைத்துப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

அம்மா பயந்ததற்குக் காரணம் இருந்தது. பெரியம்மாவின் வீட்டுக்காரர், நான் பெரியப்பா என்று கூப்பிட்டவர், இப்படித்தான் காலில் ஒரு புண்ணோடு கீழே ஆஸ்பத்திரிக்குப் போனார். நாள் கடந்து போனதால் முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது. திரும்பி வந்தவர் அதிக காலம் இருக்கவில்லை. அப்போது நான் தமிழ்ப்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். லயத்தில் ஒருவருக்கும் அது மறக்கவில்லை. இப்போது அதே வீட்டில், அதே மாதிரி ஒரு கால்.

“எந்திரிங்க, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

“எங்க வேணும்னாலும் வரேன், ஆஸ்பத்திரிக்கு மட்டும் வரமாட்டேன். வெட்டிப்புடுவாங்க.”

அப்பா காடியை எடுத்து வந்து வாசலில் நிறுத்தினார். பெரியம்மா நாற்காலியின் கைகளை இறுகப் பிடித்துக்கொண்டார். நான் கெஞ்சினேன், மிரட்டினேன், அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா காணாமல் போயிருந்தார். திரும்பி வந்தபோது கையில் என் ஆய்வுக்கூடக் கோட்டு இருந்தது. என் பையைக் கொட்டி எடுத்திருக்கிறார். துவைக்காத கோட்டு. ஒரு பக்கம் மஞ்சள் கறை, பாக்கெட்டில் அமிலம் பட்டு ஓட்டை.

“இதப் போட்டுக்க.”

“அம்மா, வேணாம்!”

“போட்டுக்கிட்டுச் சொல்லு. கேக்கும்.”

போட்டேன். மாறுவேடப் போட்டிக்கு வந்த பிள்ளை மாதிரி கூச்சமாக இருந்தது. மூன்று வருடமாக லயத்தில் வீடு வீடாக மறுத்த வார்த்தையை வாய் திறந்து சொன்னேன். “பெரியம்மா, டாக்டர் சொல்றேன். எந்திரிங்க. இப்பவே போகணும்.”

பெரியம்மா என்னைக் கால் முதல் தலை வரை பார்த்தார். “நீயும் கூட வருவியா?”

“வருவேன்.”

“அப்பச் சரி” என்று கையை நீட்டினார். அப்பாவும் நானும் தூக்கிக் காடியில் உட்கார வைத்தோம். மருந்து அடித்த உடுப்போடு வருவதற்குத் தயங்கி அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார்.

எங்கள் தோட்டத்திலிருந்து தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமானால் கியா பார்ம் சந்தையைத் தாண்டவேண்டும். பள்ளிக்கூட லீவில் கியா பார்மைத் தாண்டுவது லேசான காரியமல்ல. கோலாலம்பூரிலிருந்தும் ஈப்போவிலிருந்தும் வந்த காடியெல்லாம் ஸ்ட்ராபெரிக்கும் சோளத்துக்கும் நடுரோட்டில் நிற்கும். அன்றும் நின்றன. அப்பா ஹார்ன் அடித்தார். முன்னால் இருந்தவர் கண்ணாடியை இறக்கி, அவித்த சோளத்தை வாங்கி, மறுபடியும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

பெரியம்மா என் கோட்டுக் கையைப் பிடித்திருந்தார். அந்தக் கையின் சூடு துணியைத் தாண்டித் தெரிந்தது. எனக்குப் பயம் அதிகமாக ஆக வாயும் அதிகமாக ஓடியது. எனக்குத் தெரிந்தது ஒரே பாடம்தான், அதை எடுத்துவிட்டேன்.

“இந்த ரோட்டப் பாருங்க பெரியம்மா. அந்தப் பக்கம் காடி உள்ள வருது. இந்தப் பக்கம் வெளிய போவுது. வர்றது அதிகம், போறது கம்மி. அப்ப என்ன ஆகும்?”

“ஜாம் ஆகும்.”

“நடுவுல தங்குது இல்ல? அதேதான் உங்க ஒடம்புலயும். சீனி உள்ள போவுது, செலவாக மாட்டேங்குது. ரத்தத்துலயே தங்குது. அதனாலதான் புண்ணு ஆறல.”

பெரியம்மா வெளியே பார்த்தார். “அப்ப என் ஒடம்பு கியா பார்மா?”

“ஆமா.”

“நான் குடிச்ச தேத்தண்ணியெல்லாம் சோளம் வாங்க வந்த காடியா?” அப்பாவின் தோள் குலுங்கியது. பெரியம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவருக்குப் பல் கிட்டிக்கொண்டு நடுக்கம் வந்துவிட்டது.

காடியை விட்டு இறங்கினேன். கோட்டைக் கழற்றத் தோன்றவில்லை. நடுரோட்டில் முன்னால் நடந்து, ஒவ்வொரு கண்ணாடியாகத் தட்டி, ஒதுங்குங்கள் ஒதுங்குங்கள் என்று தெரிந்த எல்லா மொழியிலும் கத்தினேன். வெள்ளைக் கோட்டைப் பார்த்தவர்கள் சோளத்தை மடியில் போட்டுவிட்டு ஓரம் கட்டினார்கள். ஸ்ட்ராபெரிக் கடைக்காரர் தன் கடைப் பலகையையே உள்ளே இழுத்துக்கொண்டார். ஒருவர் “டாக்டர், டாக்டர்” என்று சொல்லித் தன் பெண்டாட்டியைச் சாலையிலிருந்து நகர்த்தினார். நான் இல்லை என்று சொல்லவில்லை. பின்னால் அப்பா ஊர்ந்து வந்தார். பெரியம்மா முன் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் என்னைவிடக் கொஞ்சம் மூத்த பெண்தான். பெரியம்மாவின் காலைப் பார்த்தார், பிறகு என் கோட்டின் ஓட்டையைப் பார்த்தார். எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார். கெஜுருத்தெராஆன் கிமியா என்றேன். அவர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நான் கோட்டைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன். காயத்தைச் சுத்தம் செய்து, ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஈப்போவுக்கு அனுப்பினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். வளைவுக்கு வளைவு பெரியம்மா கேட்ட ஒரே கேள்வி, நான் இருக்கிறேனா என்பதுதான்.

ஈப்போவில் சுண்டுவிரலையும் அதற்கடுத்த விரலையும் எடுத்தார்கள். கால் தப்பியது. இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருந்தால் காலைக் காப்பாற்ற முடிந்திருக்காது என்றார்கள். நான் வராந்தாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு அம்மாவுக்குப் போன் போட்டேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அம்மா, “பெரியம்மா என்னையத் திட்டுதா?” என்றார். இல்லை என்றேன். நம்பவில்லை. பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டு மறுபடியும் அதையே கேட்டார்.

மறுநாள் சாயங்காலம் பெரியம்மா தெளிவாக இருந்தார். தலையணையில் சாய்ந்து, சீனி போடாத தேத்தண்ணியைக் குடித்து முகம் சுளித்தார். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன்.

“பெரியம்மா, ஒண்ணு சொல்லணும். கோபப்படாதீங்க. அம்மா சொன்ன மருந்து வேற. நான் டாக்டர் இல்ல, டாக்டர் ஆகவும் மாட்டேன்.”

“தெரியும்லா.”

“என்ன தெரியும்?”

“மொத லீவுல வந்தப்பவே வாயில நொரையோட லயம் கேக்கக் கத்துனியே. எனக்கென்ன காது செவிடா?”

“அப்பறம் ஏன் பெரியம்மா? ஏன் இத்தன நாளு நான் வரட்டும்னு உக்காந்திருந்தீங்க?”

அவர் குவளையைக் கீழே வைத்தார். போர்வைக்குள் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடியே பேசினார்.

“உங்க பெரியப்பா கீழ ஆஸ்பத்திரிக்குப் போனப்ப நான் வேலைக்குப் போயிட்டேன். புண்ணுதான, கட்டுப் போட்டு அனுப்பிருவாங்கன்னு நெனச்சேன். ஒண்டியாதான் லோரி ஏறுனாரு. கால எடுக்கணும்னு அவங்க சொன்னப்ப, பக்கத்துல ஒரு பேச்சுக்குக்கூட ஆள் இல்ல அவருக்கு.” போர்வையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். “எனக்குப் பயமா இருந்துச்சு லா. இந்த வயசுல பயமா இருக்கு, கூட வாங்கன்னு யாரப் போயிக் கேக்குறது? பசங்க அங்க இருக்கானுங்க. உங்கம்மா மலை வேலைய விட்டுட்டு வரணும். டாக்டர் புள்ள வரட்டும்னு சொன்னேன், அதுக்கு மேல ஒருத்தரும் ஒண்ணும் கேக்கல.”

மூன்று வருடமாக நான் சலித்துக்கொண்ட அந்தப் பொய்யான டாக்டரை, அவர் இதற்காக வைத்திருந்தார். அவர்மேல் எனக்கு அவ்வளவு பாசம் பொங்கியது. பாசம் பொங்கினாலும் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

“எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாம்ல? பஸ் ஏறி வந்திருப்பேன்ல?”

“எப்படி அடிக்கிறது? நீ பரிச்ச எழுதிக்கிட்டிருந்த.”

நான் குனிந்து போர்வையின் ஓரத்தைச் சரிசெய்தேன். சரியாக இருந்ததையே சரிசெய்தேன். அவர் கையைக் கொண்டுவந்து என் தலையில் வைத்தார். “உங்கம்மாகிட்ட சொல்லிரு, அவ சொன்னது ஒண்ணும் தப்பில்லன்னு” என்றார்.

மிசி என்று நாங்கள் கூப்பிடுகிற நர்ஸ் வந்து பார்வையாளர் நேரம் முடிந்தது என்றார். பெண்கள் வார்டில் துணைக்கு ஒருவர் இருக்கலாம், இருக்கிறவர் யார் என்று கேட்டார். பெரியம்மா என்னைப் பார்த்தார்.

“டாக்டர்னா பாத்துட்டுப் போயிருவாங்க. நீ எப்படி, போறியா, தங்குறியா?”

“தங்குறேன்” என்றேன்.